இல்லாத ஆண்குரங்கின் குரல்

அலோவாசோ ஊரில் மூன்றாவதாகப் பிறக்கும் ஆண்பிள்ளைக்கு மியேசா என்றுதான் பெயர். எந்தத் தெருவில் நின்று கூப்பிட்டாலும் இரண்டு மியேசாக்களாவது திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் கழுகு மியேசா என்றால் ஒரே ஆள்தான். சதுப்புக் காட்டை ஒட்டிய கடைசி வீட்டுக்காரர்.

அந்தப் பட்டம் அவருக்குப் பதினெட்டு வயதில் கிடைத்தது. அப்பாவின் தென்னந்தோப்பில் நோய் விழுந்து, குருத்தழுகி, ஒரே வருஷத்தில் மரமெல்லாம் மொட்டைக் கம்பங்களாக நின்றன. கடற்கரைப் பக்கத்துப் பையன்கள் மீன்பிடி வலைக்குப் போனார்கள். மியேசாவுக்குக் கடலில் குமட்டல். தூரத்து உறவினர் ஒருவரின் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்.

காட்டில் எல்லோருக்கும் ஆசை வெண்தாடிக் குரங்கின் மேல்தான். கறுத்த உடம்பு, முதுகில் செம்பழுப்புப் பட்டை, நெஞ்சும் கையின் உட்புறமும் வெள்ளை, முகவாயிலிருந்து தொங்கும் நீண்ட வெள்ளைத் தாடி. பெண்ணுக்கும் தாடி உண்டு. நல்ல கொழுத்த இறைச்சி. ஆனால் கிடைப்பது லேசில்லை. அது தரைக்கு இறங்காது. பெருமரங்களின் உச்சியிலேயே பழம் தின்று, இலையைப் புரட்டிப் புழு பிடித்து, அங்கேயே குட்டி போட்டு வாழ்ந்துவிடும். சிறுத்தையைக் கண்டால் ஒரு விதமாகவும் கழுகைக் கண்டால் வேறு விதமாகவும் கத்தி ஊரைக் கூட்டும். மனிதனைக் கண்டால் மட்டும் கத்தாது. கூட்டம் மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டதுபோல அடங்கி, ஒரு கிளைகூட ஆடாமல் நழுவிவிடும். அதற்கடியிலேயே நாள் முழுக்க நின்று, மரம் காலி என்று திரும்பிய வேட்டைக்காரர்கள் நிறையப் பேர்.

மியேசா கண்டுபிடித்தது ஒன்றுதான். நாக்கை மடித்து, உள்ளங்கையைக் குவித்து, அவர் முடிசூடிக் கழுகைப் போலவே கூவுவார். கழுகின் குரல் கேட்டால் கூட்டத்து ஆண்குரங்கால் சும்மா இருக்க முடியாது. ஒரு கூட்டத்துக்கு ஒரே ஆண். காவல் அதன் வேலை. பெண்களும் குட்டிகளும் இலைக்குள் பதுங்க, அது மட்டும் வெளிக்கிளைக்குப் பாய்ந்து வந்து, வானத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தும். வானத்தைப் பார்ப்பதால் கீழே நிற்பவனைப் பார்க்காது.

ஏறக்குறைய முப்பது வருஷம் மியேசா குடும்பம் அப்படித்தான் சாப்பிட்டது. அவர் சுடுவார், அவர் மனைவி அபென்லமா புகையில் வாட்டி, எல்லைச் சந்தையில் விற்பாள். இருவருக்கும் அதில் எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. கல்யாணவீடுகளில், சாராயம் இரண்டு சுற்றுப் போனபிறகு, கழுகைக் கூப்பிடச் சொல்லிக் கேட்பார்கள். அவர் கூவுவார். கோழிகள் கூரைக்கடியில் ஓடும். எல்லோரும் தொடையில் அடித்துச் சிரிப்பார்கள். தன்னைப் பற்றி அவர் பெருமைப்பட்டதெல்லாம் அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அவருக்கு நாற்பத்தேழு வயதானபோது, சுற்றியிருந்த ஆறு ஊர்களும் சேர்ந்து சதுப்புக் காட்டை யாரும் வெட்டக்கூடாது, அதில் யாரும் சுடக்கூடாது என்று தீர்மானம் போட்டன. தலைநகரத்திலிருந்து ஒரு சிறு அமைப்பு வந்து உதவியது. காட்டைக் காக்க அஞ்சு ஆள் வேண்டும் என்றார்கள். காடு தெரிந்தவன் வேட்டைக்காரன்தானே. மியேசா துப்பாக்கியை ஊர்த்தலைவர் காலடியில் வைத்துவிட்டு, பச்சைச் சட்டையும் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்சும் வாங்கிக்கொண்டார். மாசச் சம்பளம். காட்டைப் பார்த்துக்கொள்ள ஊர்கள் போட்ட கமிட்டிக்குத் தலைவர் பள்ளிக்கூடத்து ஆர்மா வாத்தியார்.

வருஷத்துக்கு இரண்டு தடவை குமாசி நகரத்திலிருந்து செர்வா என்ற பெண் வருவாள். குரங்குகளை எண்ணுவது அவள் வேலை. முப்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, ஆனால் இடுப்புவரை சேற்றில் யோசிக்காமல் இறங்குவாள். கண்ணால் எண்ணமுடியாத குரங்கைக் காதால்தான் எண்ணவேண்டும் என்பாள். விடியும் நேரத்தில் ஆண்குரங்கு தன் இடத்தைச் சொல்லி ஓங்கிக் குரல் கொடுக்கும். மியேசாவோடு மேட்டில் உட்கார்ந்து, எந்தத் திசையில் எத்தனை ஆண் கத்துகிறது என்று நோட்டில் குறிப்பாள். ஒரு ஆண்குரல் என்றால் ஒரு கூட்டம். முதல் தடவை நாலு குரல் கேட்டது. அடுத்த வருஷம் இரண்டு. மூன்றாம் வருஷம் கிழக்குச் சதுப்பிலிருந்து ஒன்று மட்டும்.

அந்த ஒன்றைக் கொன்றதும் மியேசாதான்.

மாமியார் செத்துப்போன மாசம் அது. மூத்த மருமகன் அவர். துணியும் சாராயமும் கொண்டுபோயிருந்தார்; விருந்துக்குப் பெரிய கருவாடாக இரண்டு கூடை வாங்கியிருந்தார். அபென்லமாவின் அண்ணன்கள் கூடையைத் திறந்து பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவன் சத்தமாகவே சொன்னான்.

"எங்கம்மா கருவாடு தின்னு வளர்த்த பொண்ண ஒரு வேட்டைக்காரனுக்குக் கொடுத்தா. இப்ப அவ சாவுக்கும் கருவாடுதான் போல."

அபென்லமா தலையைக் குனிந்துகொண்டாள். அது மியேசாவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அதே மைத்துனனிடமே துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனார். பச்சைச் சட்டையைக் கழற்றி வீட்டில் மாட்டிவிட்டுத்தான் போனார். சட்டையைக் கழற்றினால் வேறு ஆள் ஆகிவிடுவோம் என்று அப்போது நிஜமாகவே நினைத்திருக்கிறார்.

கிழக்குச் சதுப்பில் கழுகாகக் கூவினார். ஆண்குரங்கு வந்தது. வயதான குரங்கு, தாடி கொஞ்சம் மஞ்சள் பாய்ந்திருந்தது. வெட்டவெளிக் கிளையில் நின்று இல்லாத கழுகை வானமெல்லாம் தேடிக் கத்தியது. அவர் கீழிருந்து முதுகில் சுட்டார். காட்டின் ஓரமாக ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஆண்குரங்குகள் இருக்கும், ஒன்று வந்து இந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே தூக்கிவந்தார்.

எண்ணெய்ப் பனம்பழக் குழம்பு வைத்தார்கள். மைத்துனன்மார் எலும்பை உறிஞ்சினார்கள். ஆர்மா வாத்தியாரும் ஒரு கிண்ணம் வாங்கி, விரலை நக்கிவிட்டு, இது என்ன இறைச்சி என்று கேட்காமலே எழுந்து போனார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் செர்வா நாலு நாள் விடியலில் உட்கார்ந்தாள். ஒரு குரலும் இல்லை. அஞ்சாம் நாள் அவள் மியேசாவிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள்: இந்தத் தடவை ஒரு ஆண்கூட இல்லையென்றால் பணம் கொடுக்கிறவர்கள் வேறு காட்டுக்குப் போய்விடுவார்கள், அதை அவளால் தடுக்கமுடியாது. அன்று மத்தியானம் ஆர்மா வாத்தியார் வேலி ஓரமாக வந்து நின்று பள்ளிக்கூடக் கூரையைப் பற்றிப் பேசினார். பாதிக் கூரைக்குத்தான் தகரம் வந்திருக்கிறது, மீதிப் பாதி அடுத்த தவணையில் வரவேண்டும் என்றார். போகும்போது, "கடவுள் நாளைக்கு ஒரு சத்தத்தக் கொடுப்பார்னு நம்புவோம். உங்க காதுக்கு எல்லாம் கேக்குமே," என்றார். அவர் கண் மியேசாவின் தொண்டையில் இருந்தது.

மறுநாள் விடியலில் வயிறு சரியில்லை என்று சொல்லி மியேசா மேட்டிலிருந்து இறங்கினார். ராஃபியா பனைகளுக்கிடையே சேற்றில் நெடுந்தூரம் நடந்தார். கழுகுக் குரலைவிட இது சுலபம். முப்பது வருஷம் அந்த ஆண்குரலைச் சாகுமுன் கடைசியாகக் கேட்டவர் அவர்தானே. நெஞ்சிலிருந்து காற்றை வெட்டி வெட்டித் தள்ளி, மூன்று தடவை, நடுவில் மூச்சு விட்டு, மறுபடி மூன்று தடவை கத்தினார். சொந்தக் காதுக்கே நிஜம் போலிருந்தது.

அவர் திரும்பி வந்தபோது செர்வா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். நோட்டுப் புத்தகம் சேற்றில் கிடந்தது.

"ஐயா, கேட்டீங்களா? கிழக்குல. நீங்க கேட்டீங்கதானே?"

"கேட்டேன்," என்றார் மியேசா.

அவள் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுதுவிட்டாள். அவர் கை முழுக்கச் சேறு. அவள் அதைப் பார்க்கவேயில்லை. ஒரு மனுஷிக்கு இவ்வளவு சந்தோஷம் தன்னால் வந்ததே என்று ஒரு நொடி அவருக்கும் இனித்தது. அந்த இனிப்புத்தான் பிறகு நினைக்க நினைக்கக் கூசியது. திருடியிருந்தால்கூட இத்தனை கேவலமாக இருந்திருக்காது என்று தோன்றும்.

அதற்குப்பிறகு நிறுத்தமுடியவில்லை. மூன்று வருஷம், ஆறு கணக்கெடுப்பு. ஒவ்வொன்றிலும் கிழக்குச் சதுப்பில் ஒரு ஆண் கத்தியது. பள்ளிக்கூடத்துக்கு மீதித் தகரம் வந்தது. ஆழ்துளைக் கிணறு வந்தது. செர்வா எழுதிய கட்டுரையின் கடைசியில் மியேசாவின் பெயரைப் போட்டு, இவருடைய கூர்மையான காது இல்லாமல் இது முடிந்திருக்காது என்று நன்றி சொல்லியிருந்தாள். அச்சடித்த தாளைக் கொண்டுவந்து கொடுத்து, அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் அதைத் தகரப்பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தார். அபென்லமா ஏன் சுவரில் ஒட்டவில்லை என்று கேட்டாள். கரையான் அரிக்கும் என்றார்.

பெண்குரங்குகளை அவர் இரண்டாம் வருஷம்தான் பார்த்தார்.

சதுப்பில் நின்று கத்தி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மேலே ஏதோ விழுந்தது; பாதி கடித்த பழம். அண்ணாந்து பார்த்தார். அஞ்சு முகங்கள். அஞ்சு வெள்ளைத் தாடிகள். இத்தனை தாழ்வாக வெண்தாடிகள் இறங்கி வந்து அவர் பார்த்ததில்லை. ராஃபியா மட்டைக்கு அடியில் அவர் ஒடுங்கி நின்றார். அவை அவரைத் தேடவில்லை. அவர் நின்ற இடத்துக்கு மேலே, பின்னால், பக்கத்து மரத்தில் என்று தலையைச் சாய்த்துச் சாய்த்து எதையோ தேடின. நடுவில் மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டன. ஒன்று கொஞ்சம் முன்னே வந்து, மறுபடி கத்தச் சொல்வதுபோலக் காத்திருந்தது.

ஒன்றின் வயிற்றிலும் குட்டி இல்லை. நல்ல வயதுப் பெண்கள் அஞ்சும். தாய் வயிற்றைக் கட்டிக்கொண்டு வாலைத் தாயின் வாலோடு பின்னிக்கொள்ளும் குட்டி ஒன்றாவது இருக்கவேண்டிய பருவம். ஆண் இல்லாமல் குட்டி எங்கிருந்து வரும்? அந்தக் கணக்கு அவருக்கு அப்போதுதான் புரிந்தது. செர்வாவிடம் சொன்னது வார்த்தையில் சொன்ன பொய். இதுகளிடம் சொன்னது வேறு. இதுகள் நம்பி வந்து நிற்கின்றன.

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. கணக்கெடுப்பு இல்லாத மாசங்களிலும் போக ஆரம்பித்தார். அவை இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொள்வார். உண்மை என்னவென்றால், அவை வந்து தேடும்போது, தான் கொன்றதைத் தானே கொஞ்சம் திருப்பிக் கொடுப்பதுபோல அவருக்கு ஒரு ஆறுதல். வயதாகிவிட்டதால் நெடுந்தூரம் நடக்க முடியாமல், நடைபாதைக்குப் பக்கமாகவே நின்று கூப்பிட்டார். அவையும் பெருமரங்களை விட்டு நடைபாதைப் பக்கம் வரப் பழகிக்கொண்டன.

மூன்றாம் வருஷம் மழை ஓய்ந்தபோது மியேசாவின் அக்கா மகன் நியான்சு ஊர் திரும்பினான். முப்பது வயது ஆள். வடக்கே தங்கம் தோண்டும் குழிகளில் நாலு வருஷம் கிடந்துவிட்டு, இருமலோடும் ஒரு நாட்டுத் துப்பாக்கியோடும் வந்திருந்தான். மியேசாவுக்குப் பிள்ளைகள் இருந்தாலும், அந்த ஊர் வழக்கப்படி அவருக்கு வாரிசு அக்கா மகன்தான். மாமாவின் மேல் அவனுக்கு நிஜமான பாசம் இருந்தது.

ஒரு மத்தியானம். அபென்லமா முற்றத்தில் மரவள்ளி மாவை அவித்து அச்சேக்கே என்கிற உதிரிச் சோறாக உதிர்த்துக்கொண்டிருந்தாள். மியேசா பூட்சைக் கழுவிக்கொண்டிருந்தார். நியான்சு தோளில் சாக்கோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. யாராவது பார்க்கிறார்களா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சாக்கை மாமாவின் காலடியில் இறக்கினான்.

"இதுல ஒண்ணு உங்களுது மாமா. ஒண்ணு நான் எடுத்துக்கிறேன்."

சாக்கின் வாயில் வெள்ளைத் தாடி தெரிந்தது. தாடியில் ரத்தம் காய்ந்து முடி ஒட்டிக்கிடந்தது.

"எங்கடா சுட்ட?" என்றார் மியேசா.

"என்ன மாமா, தெரியாத மாதிரி கேக்குறீங்க. நீங்க கூப்பிடுற எடத்துலதான். காலைல நீங்க கூப்பிட்டுட்டு நகந்தீங்கல்ல, அதுங்க அங்கயே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. ஓடவே இல்ல."

மியேசா குனிந்து சாக்கின் வாயை இழுத்து மூடினார். மாமாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு நியான்சு சமாதானமாகச் சொன்னான்:

"எனக்காகப் பழக்கி வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். ஊருக்கே தெரியுமே மாமா. கெழக்குல கத்துறது யாருன்னு சின்னப் புள்ளையக் கேட்டாக்கூடச் சொல்லும். அந்தக் குமாசிக்காரிக்கு மட்டுந்தான் தெரியாது."

ஊருக்கே தெரியும். அந்தச் சொல்தான் அவரை உட்காரவைத்தது. மூன்று வருஷம் அவர் ஒளிந்து ஒளிந்து செய்ததை ஊர் மொத்தமும் பார்த்து, ரசித்து, கூரைத் தகரத்தையும் கிணற்றுத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு, அவரிடம் மட்டும் ஒன்றும் தெரியாததுபோல இருந்திருக்கிறது. கிணற்றடியில் பெண்கள் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தியதெல்லாம் மரியாதை என்று நினைத்திருந்தார்.

நியான்சு போனபிறகு அபென்லமா கையைத் துடைத்துக்கொண்டு வந்து சாக்கை விரித்துப் பார்த்தாள். ஆயிரம் குரங்கை உரித்தவள். இரண்டும் பெண். மார்க்காம்பைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"பால் குடுத்ததே இல்ல," என்றாள்.

"நீயும் தெரிஞ்சுதான் இருந்தியா?"

"உன் பொஞ்சாதிய்யா நான். காலைல தொண்டை கட்டி வர்ற, தேன் கேக்குற. எனக்குத் தெரியாதா?" பிறகு கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். "எங்கம்மா சாவுக்கு நீ சுட்டத நானும்தானே தின்னேன். எந்த வாயால உன்னக் கேக்கச் சொல்ற?"

அன்று அந்த வீட்டில் அந்த இறைச்சியை அவர்கள் சமைக்கவில்லை. தென்னை மொட்டைகள் நின்ற கொல்லையில் குழி தோண்டி இரண்டையும் அவர் புதைத்தார். நியான்சு தன் பங்கைக் கேட்டு வந்தபோது, அது கெட்டுப்போய்விட்டது என்றார். அதுவும் ஒரு பொய்தான். அவனைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. அவன் சுட்டது மாமாவின் குரலை நம்பித்தான்.

மூன்று வாரத்தில் செர்வா வந்தாள். ஊர்த்தலைவருக்குப் போத்தல், அபென்லமாவுக்கு ஒரு கஜம் துணி, மியேசாவுக்குப் புது டார்ச் விளக்கு என்று எப்போதும்போலக் கொண்டுவந்திருந்தாள். விடியுமுன் இருவரும் மேட்டில் போய் உட்கார்ந்தார்கள். பனி சொட்டிக்கொண்டிருந்தது. இருவாசிகள் தலைக்குமேல் சிறகடித்துப் போயின. அவள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு கிழக்கைப் பார்த்தாள். வெளிச்சம் வந்து ரொம்ப நேரமாகியும் மியேசா எழுந்திருக்கவில்லை.

"உங்களுக்கு வயிறு சரியில்லையா ஐயா? போகணும்னா போயிட்டு வாங்க. நான் பார்த்துக்கிறேன்."

அவள் அக்கறையாகத்தான் கேட்டாள். ஆறு கணக்கெடுப்பிலும் இந்த ஆளுக்கு இந்த நேரத்தில் வயிறு கலக்கும் என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. மியேசா தரையைப் பார்த்துக்கொண்டே, சொல்ல ஆரம்பித்து, நிறுத்தி, மாமியார் சாவிலிருந்து சொன்னார். கழுகுக் குரல், முதுகில் பட்ட குண்டு, பனம்பழக் குழம்பு, பள்ளிக்கூடத் தகரம், சாக்கு எல்லாவற்றையும் சொன்னார். ஆர்மா வாத்தியார் பெயரைச் சொல்லவில்லை. கத்தியது தன் தொண்டை. அடுத்தவனை ஏன் இழுக்கவேண்டும் என்று நினைத்தார்.

அவள் நம்பவில்லை.

"கத்துங்க."

"அம்மா..."

"என் முன்னாடி கத்துங்க ஐயா."

அவர் உட்கார்ந்த இடத்திலேயே, ஒளியாமல், அவள் முகத்துக்கு எதிரே கத்தினார். மூன்று தடவை. மூச்சு. மறுபடி மூன்று தடவை. வாய் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, எச்சில் தெறிக்க அந்தக் குரல் வருவதை அவள் பார்த்தாள். அதைப் பார்க்க அனுமதித்ததைவிட நிர்வாணமாக நின்றிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது. கிழக்கிலிருந்து மெல்லிய பதில் குரல்கள் வந்தன. பெண்கள். இரண்டோ மூன்றோ.

செர்வா நோட்டை மூடினாள். குரல் நடுங்கவில்லை, அதனால்தான் அது அவருக்கு மறக்கவில்லை.

"மூணு வருஷமா நான் ஒரு மனுஷனை எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். ஆண் இல்லன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா ஏதாவது செஞ்சு பார்த்திருக்கலாம். அதுங்களுக்கு மூணு வருஷம்னா எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும் ஐயா. என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்."

அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில், அந்தத் தகரக் கூரைக்கடியில், ஊர் கூடியது. மியேசா எழுந்து மறுபடி ஒருமுறை எல்லாம் சொன்னார். ஊர் அவரைக் காறித்துப்பும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தார். துப்பியது; ஆனால் பொய் சொன்னதற்கில்லை, உண்மையைச் சொன்னதற்கு. இனிக் கிணற்று மோட்டாரை யார் பழுதுபார்ப்பது என்று பெண்கள் கேட்டார்கள். மற்ற நாலு காவலர்களின் வயிற்றில் அடித்துவிட்டாய் என்றார்கள். ஆர்மா வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இப்படி ஒரு மோசடி நடந்தது கமிட்டிக்குப் பேரதிர்ச்சி என்று பேசினார். மியேசா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

ஊர்த்தலைவர் நியான்சுவுக்கு ஒரு ஆடும் இரண்டு போத்தல் சாராயமும் அபராதம் விதித்துத் துப்பாக்கியைப் பறித்துக்கொண்டார். தனக்கும் அபராதம் போடும்படி மியேசா கேட்டார். தலைவர் சலிப்போடு கையை வீசினார்.

"உனக்கு என்னத்தப் போடுறது மியேசா? கொன்னதுக்கா, கத்துனதுக்கா, இப்ப சொன்னதுக்கா? எதுக்குப் போட்டாலும் நாங்க எல்லாரும்தான் சேர்ந்து கட்டணும். வீட்டுக்குப் போ."

அபராதம் கட்டியிருந்தால் முடிந்துபோயிருக்கும். கட்டவிடாததால் அது அவரோடேயே இருந்தது. நியான்சு கட்டவேண்டிய ஆட்டை அவரே வாங்கிக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான், ஆனால் அதற்குப்பிறகு மாமாவின் முற்றத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான்.

பச்சைச் சட்டையைத் துவைத்து, மடித்து, பூட்சோடு செர்வாவிடம் கொடுத்துவிட்டார். பணம் கொடுத்தவர்கள் பாதியை நிறுத்தினார்கள். அஞ்சு காவலர் இரண்டு பேரானார்கள். செர்வா தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டார். அதனால் அவள் வேலைக்கே ஆபத்து வந்தது என்றும் சொன்னார்கள். அவள் அதைப்பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வருவாள், இரண்டு காவலரோடும் மேட்டுக்குப் போவாள், வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வாள். அவர் பதில் வணக்கம் சொல்லிவிட்டு எதிரே பார்க்காமல் நடப்பார்.

கழுகு மியேசா என்ற பட்டம் போய், ஆண்குரங்கு மியேசா என்றாகியது. சந்தையில் அவர் போனால் யாராவது ஒருவன் அடித்தொண்டையில் மூன்று தடவை கத்துவான். அபென்லமாதான் திரும்பி நின்று, "வாய்யா, நல்லாக் கத்துற, இங்க வந்து என் மூஞ்சிக்கு நேரா கத்து," என்று அவனை மடக்குவாள். மியேசா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். தனக்காக அவள் சண்டை போடுவது அவருக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

அவர் மறுபடி கத்தவில்லை, கழுகாகவும் குரங்காகவும். மரவள்ளி நட்டார். நோய் தாங்கும் புதுத் தென்னங்கன்று இருபது வைத்தார். மூன்று பெண்குரங்குகளும் கொஞ்ச நாள் நடைபாதைப் பக்கம் வந்து தேடிவிட்டு, மெல்ல மெல்லப் பழைய பெருமரங்களுக்கே திரும்பிவிட்டன என்று காவலர்கள் சொன்னார்கள். அதைக் கேட்ட அன்று அவர் முதல் தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, ஆற்றில் மீன்கூடை போடப்போன பெண்கள் இருவர் விடியலில் ஆண்குரங்கு கத்தியதைக் கேட்டதாகச் சொன்னார்கள். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. மியேசா மறுபடி தொடங்கிவிட்டார் என்றார்கள். ஒருத்தன் வீட்டுவரைக்கும் வந்து, தொண்டை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனான். மியேசா அன்று காய்ச்சலில் படுத்திருந்தார்.

காய்ச்சல் விட்டதும் தனியாக ஆற்றங்கரைக்குப் போனார். மூன்றாம் நாள் கேட்டார். அக்கரைப் பக்கமிருந்து, இளம் ஆண், இன்னும் முதிராத குரல். இரண்டாவது மூச்சில் கொஞ்சம் உடைந்தது. எந்த மனிதத் தொண்டைக்கும் அந்த உடைசல் வராது. அவர் அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

செர்வா அந்த வாரம் ஊரில்தான் இருந்தாள். அவர் அவள் தங்கியிருந்த வீட்டுக்குப் போய் வாசலுக்கு வெளியே நின்றார். அவள் வந்தாள். எந்த இடம், எந்த நேரம், ஆற்றை எங்கே கடந்தால் சேறு குறைவு என்று மட்டும் சொன்னார். அவள் நோட்டை எடுத்தாள்.

"நீங்க கேட்டீங்களா ஐயா?"

"நான் கேட்டேன்னு எழுதாதம்மா. நான் சொல்ற எதையும் எழுதாத. நீ போய் உன் கண்ணால பாரு. கத்தும்போது வாயைப் பாரு. அப்புறம் எழுது."

அவள் பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினாள். தோணிக்கு ஆள் அனுப்பினாள். அவரையும் வரச்சொல்லிக் கேட்டாள், பழைய மாதிரியே, ஐயா என்று. அவர் வரவில்லை என்றார். அவர் அந்தக் கரையில் நின்றிருந்தார் என்று யாராவது சொன்னால்கூட அவள் கணக்கில் சந்தேகம் விழும். மரவள்ளிக்குக் களை எடுக்கவேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆற்றுக்கு எதிர்த்திசையில் நடந்தார்.